சம்பளம் இல்லாத வேலைக்குப் போகலாமா?

கம்பரை ஆதரித்தவர் சடையப்ப வள்ளல். அவர் ஊர் திருவெண்ணெய்நல்லூர். ஜப்பானிலும் அப்படி ஒரு வள்ளல் இருந்தார். அவர் பெயர் ஹொசுமி கோயிச்சி.

டோக்கியோவுக்குப் படிக்க வரும் ஆசிய மாணவர்களுக்காக அவர் 1957-ல் ஒரு சங்கம் தொடங்கினார். அவர்கள் தங்குவதற்கு 1960-ல் ஆசியப் பண்பாட்டு மாளிகை திறக்கப்பட்டது.

ஜப்பானில் பயிற்சி பெற்றுத் திரும்பிய தமிழர்கள் அந்த நன்றியை மறக்கவில்லை. சென்னையில் ஒரு சங்கம் கண்டார்கள். அதன் பெயர் ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய். ‘தோசோகாய்’ என்றால் பழைய மாணவர் சங்கம். லாபம் கருதாமல் ஜப்பானிய மொழி கற்றுத் தருகிறது அது.

“இத்தகைய சங்கத்தில் சம்பளம் இல்லாமல் தொண்டு செய்து பழகட்டுமா?” என்று மகளோ மகனோ கேட்கலாம். தாராளமாகச் செய்யட்டும்! விழா நடத்தவும், நாலு பேரிடம் பேசவும், கணக்கு எழுதவும் அங்கே பழகலாம்.

ஆனால் பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் நம்முடையது. ஆகவே முதல் நாளே கேளுங்கள்: எத்தனை மாதம்? என்ன வேலை? என்ன கற்றுத் தருவீர்கள்? முடிவில் சான்றிதழ் உண்டா?

கூடவே மொழியும் படிக்கச் சொல்லுங்கள். ஜப்பானிய மொழித் தேர்வில் ஐந்து படிகள் உண்டு. அடிப்படியிலிருந்து ஒவ்வொன்றாக ஏறலாம்.

சடையப்பர் கணக்குப் பார்க்காமல் கொடுத்தார். பிள்ளையைத் தொண்டுக்கு அனுப்பும் பெற்றோர் கணக்குப் பார்த்தே அனுப்ப வேண்டும். அதில் வெட்கமில்லை!