தோட்ட எல்லையில் பாடும் ‘முராய் பத்து’: கூண்டுக்குள் போனால் காட்டில் பாட யார்?

சிரம்பான் – ‘முராய் பத்து’ என்றதும் நம்மில் பலருக்கு அஞ்சடியில் தொங்கும் கூண்டும் அதன் மேல் போர்த்திய துணியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இது கூண்டுப் பறவை அல்ல. அடர்ந்த காட்டின் கீழ்த்தட்டில், மூங்கில் புதர்களில் வாழும் பறவை. அதைப் பிடிப்பதும் விற்பதும் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும் என்பது இன்னும் பலருக்குத் தெரிவதில்லை.

எப்படி அடையாளம் காண்பது?

ஆண் பறவையின் தலை, முதுகு, மார்பு ஆகியவை பளபளக்கும் கருநீலம். வயிறு செங்காவி நிறம். வால் நீளமானது, அது தொடங்கும் இடத்தில் பளிச்சென்று வெள்ளை தெரியும். பெண் பறவை சற்று மங்கலாகவும் வால் குட்டையாகவும் இருக்கும். வீட்டு வாசலுக்கே வரும் கறுப்பு வெள்ளை ‘முராய் கம்போங்’ இதன் உறவுக்காரப் பறவை, இரண்டும் ஒன்றல்ல.

மரப்பொந்தில் கூடு கட்டி, புழு பூச்சிகளைத் தின்று வாழும் முராய் பத்து, விடியலிலும் அந்தி சாயும் நேரத்திலும் அதிகம் பாடும். மற்றப் பறவைகளின் குரலையும் தன் பாட்டில் சேர்த்துக்கொள்ளும்.

நமக்கும் பழைய உறவு

இதன் அறிவியல் பெயரில் ‘மலபாரிக்கா’ என்ற சொல் இருக்கிறது. மலபார் கரையைக் குறிக்கும் சொல் அது. தமிழ்நாட்டின் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இதே இனம் உண்டு. தமிழில் இதற்குச் சோலைபாடி என்று பெயர். நம் முன்னோர் விட்டு வந்த மண்ணிலும் வந்து சேர்ந்த மண்ணிலும் பாடுவது ஒரே பறவைதான்.

உலகில் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்ட பறவைக் குரலும் இதனுடையதே என்கிறார்கள். 1889-இல் ஜெர்மனியில் லுட்விக் கோச் என்ற எட்டு வயதுச் சிறுவன் மெழுகு உருளையில் அதைப் பதிவு செய்தான். 1931-இல் மலேசியாவிலிருந்து ஹவாய்த் தீவுக்கும் இப்பறவை கொண்டு செல்லப்பட்டது.

குரலே வினையானது

இந்தோனேசியாவில் பறவைப் பாட்டுப் போட்டிகளுக்குப் பெரும் மவுசு. வெல்லும் பறவைக்கு நல்ல விலை. அங்கே ஜாவா காடுகளில் முராய் பத்து அரிதாகிவிட்டதால், வேட்டைக்காரர்களின் பார்வை அண்டை நாடுகளின் காடுகள் மீது திரும்பியது. தீபகற்ப மலேசியாவிலிருந்து கடல் வழியாகவும், சரவாக்கிலிருந்து எல்லை தாண்டியும் இவை கடத்தப்படுகின்றன. நெருக்கமான பெட்டிகளில் அடைபட்டு, போய்ச் சேருமுன்பே பல செத்துவிடுகின்றன.

உலக அளவில் முராய் பத்து இன்னும் அழிவின் விளிம்பில் இல்லை. ஆனால் ‘பராவ் பராவ்’ பறவையின் கதை நமக்கு எச்சரிக்கை. ஆற்றோரங்களில் பாடிய அந்தப் பறவை, கூண்டு வணிகத்தால் 2018-இல் மிக ஆபத்தான நிலைக்குத் தள்ளப்பட்டது. இன்று அதன் முக்கியப் புகலிடங்களில் ஒன்று சிங்கப்பூரின் சிறிய உபின் தீவு.

சட்டம் என்ன சொல்கிறது?

2010 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் (சட்டம் 716) கீழ் முராய் பத்து பாதுகாக்கப்பட்ட பறவை. உரிமம் இல்லாமல் பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாமே குற்றம். 2022-இல் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாயின. அதே ஆண்டு நவம்பரில் பனாமாவில் நடந்த சைட்டிஸ் மாநாட்டில், மலேசியாவும் சிங்கப்பூரும் முன்மொழிந்ததன் பேரில், அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இப்பறவை சேர்க்கப்பட்டது.

தோட்ட மக்களுக்கு என்ன பங்கு?

நெகிரி செம்பிலானில் காடும் தோட்டமும் ஒட்டியே இருக்கின்றன. ஜெலுபு வட்டாரத்தின் பாசோ வனக்காப்பகத்தை மூன்று பக்கமும் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்துள்ளன. காட்டுக்குள் நுழையும் வழி பல இடங்களில் தோட்டச் சாலைதான். வெளியாட்கள் கண்ணியோடும் பசையோடும் வந்தால் முதலில் பார்ப்பவர்கள் தோட்டத்து மக்களே. “ஒரு குருவி பிடித்துக் கொடு, காசு தருகிறேன்” என்று கேட்கப்படுவது நம் பிள்ளைகளாக இருக்கலாம். காசு வாங்கும் பிள்ளைதான் வழக்கிலும் முதலில் சிக்குவான்.

வீட்டில் ஏற்கெனவே இப்பறவையை வளர்ப்பவர்கள், உரிமம் முறையாக உள்ளதா என்று வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையான பெர்ஹிலித்தானிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பறவை பிடிப்பவர்களைக் கண்டால் நேரில் மோத வேண்டாம். இடத்தையும் வாகன எண்ணையும் குறித்துக்கொண்டு 1-800-88-5151 என்ற எண்ணில் அத்துறைக்குத் தகவல் கொடுங்கள்.

பாட்டைக் கேட்க ஆசையா? விடியற்காலையில் உலு பெண்டுல் வனப்பூங்காப் பக்கம் போய்ப் பாருங்கள். அதற்கு உரிமம் தேவையில்லை.