கசெட் முடிந்த இடம்

என் மேசை லாச்சியில் ஒரு டீடீகே தொண்ணூறு கசெட் கிடக்கிறது. ஒரு பக்கம் ரேடியோஹெட், மறுபக்கம் நிர்வானா, இரண்டும் ரொக் குழுக்கள். லேபிளில் இருப்பது கண்டி டவுனில் அந்நாளில் ‘ரெக்கோடிங் பார்’ நடத்திய நானா ஒருவரின் கையெழுத்து. ஆங்கிலப் பெயர்களைக் காதில் விழுந்தபடி தமிழில் எழுதிவிடுவார். நிர்வானாவுக்கு மூன்று சுழி ‘ண’ போட்டு ‘நிர்வாணா’ என்று எழுதியிருந்தார். அம்மா அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

இந்தக் கசெட்டை வைத்து எங்கள் கூட்டாளிகளுக்குள் மூண்ட சண்டை இருபது வருடம் தாண்டியும் ஓயவில்லை. மேடையில் மட்டும் பாடப்பட்ட பாட்டு, ஸ்டூடியோவில் ஒரு மாதிரியும் மேடையில் வேறு மாதிரியும் ஒலித்த பாட்டு, இவற்றைத் திரட்டி ஒரு இசைக்குழு அல்பம் போட்டால் அது ரசிகனுக்குக் கிடைத்த கொடையா, அல்லது அடிச்சட்டியைச் சுரண்டி விற்பதா என்பதுதான் வழக்கு.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ9 பாதையும் திறந்தபோது, வெளிநாட்டு உறவுகள் வரிசையாக ஊர் பார்க்க வந்தார்கள். லண்டனிலிருந்து வந்த பெரியம்மாவின் மகன், யாழ்ப்பாணம் போகிற வழியில் எங்கள் வீட்டில் தங்கினார். அவருடைய பையில் சொக்கலேட்டுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவில் ஒரு சீடி இருந்தது. ரேடியோஹெட்டின் ‘ஐ மைட் பி ரோங்’. முந்தைய வருடம் நவம்பரில் வெளியானது. எட்டே பாட்டு, நாற்பது நிமிடம்.

‘கிட் ஏ’ 2000 ஒக்டோபரிலும் ‘அம்னீசியக்’ 2001 ஜூனிலும் வந்திருந்தன. இரண்டும் கிட்டாரைக் கொஞ்சம் ஓரங்கட்டிவிட்டு மெஷின்களோடு மல்லுக்கட்டிய அல்பங்கள். இதையெல்லாம் மேடையில் எப்படி வாசிக்கப்போகிறார்கள் என்று ரசிகர்கள் யோசித்த நேரத்தில், 2001 சுற்றுப்பயணத்தின் பல ஊர்ப் பதிவுகளிலிருந்து பொறுக்கியெடுத்த அல்பம் இது.

சீடியைக் கையில் கொடுத்துக்கொண்டே அண்ணா அதைக் குறை சொன்னார். சொல்ல அவருக்கு உரிமையும் இருந்தது. 2001 ஜூலை 7ஆம் திகதி ஒக்ஸ்பர்ட் சவுத் பார்க் திடலில், ஏறத்தாழ 40,000 பேரோடு மழையில் நனைந்துகொண்டு நின்றவர் அவர். குழுவின் சொந்த ஊர்க் கச்சேரி அது. கடைசியில் ஒரு வாத்தியம் மக்கர் பண்ண, போட்டிருந்த பாட்டை விட்டுவிட்டு ‘க்ரீப்’ பாடினார்கள். “அந்த ‘க்ரீப்’ இதில எங்க? நான் நனைஞ்சது எங்க?” என்பது அவர் கேள்வி. ஒரு ஊரில் எடுத்ததை இன்னொரு ஊரில் எடுத்ததோடு ஒட்டவைத்தால் அது கச்சேரியா என்றும் கேட்டார்.

நான் எந்தத் திடலிலும் நின்றதில்லை. எனக்கு அந்த நாற்பது நிமிடம்தான் திடல். ஆகவே இந்த விடயத்தில் அண்ணாவின் தீர்ப்பை நான் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. போனவனுக்கு அது நினைவுக் குறிப்பு; போகாதவனிடம் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமில்லை, கேட்பதுதான் முழுக் கச்சேரி.

சீடி பிளேயர் எங்கள் வீட்டில் இல்லை. நானாவிடம் கொண்டுபோனேன். தொண்ணூறு நிமிடக் கசெட்டில் ஒரு பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம். ரேடியோஹெட் அளவெடுத்துத் தைத்தமாதிரி உட்கார்ந்தது. மறுபக்கத்துக்குக் கூட்டாளி ஒருவனிடம் இருந்த நிர்வானாவின் ‘அன்பிளக்ட்’ சீடியைக் கொடுத்தேன். 1993 நவம்பர் 18ஆம் திகதி நியூயோர்க்கில் எம்டிவிக்காகப் பதிவு செய்யப்பட்டு, குழுவின் பாடகர் கேர்ட் கோபேய்ன் இறந்த பிறகு, 1994 நவம்பரில் அல்பமாக வந்தது. பதினான்கு பாட்டு. அதில் ஆறு மற்றவர்களுடையவை. தங்களுடைய பெரிய ஹிட்டை விட்டுவிட்டு, பாதிக் கூட்டத்துக்குத் தெரியாத பாட்டுகளைப் பாடிய துணிச்சல் அது. அருமை என்று எதையாவது சொல்லலாமென்றால் இதைச் சொல்லலாம்.

ஆனால் அதன் நீளம் ஐம்பத்துமூன்று நிமிடத்துக்கு மேல். பதின்மூன்றாவது பாட்டு ‘ஓல் அபொலஜீஸ்’ தொடங்கி ஒரு நிமிடம் போவதற்குள் ‘டக்’கென்று கசெட் நின்றுவிடும். கடைசிப் பாட்டு மருந்துக்கும் இல்லை. போய்க் கேட்டதற்கு நானா, “எடம் இல்ல தம்பி. ஒரு பக்கத்துல நாப்பத்தஞ்சு நிமிசம்தான் ஈக்கும். நான் இழுத்தா நீட்டுற?” என்றார். கைதட்டல் நிறைய இருக்கிறதே என்று அவர் எனக்காகக் கவலையும் பட்டார். “இது சரியில்லாத கொப்பி தம்பி, சனம் சத்தம் போடுது. நல்ல கொப்பி ஒண்டு எடுத்துக் குடுங்க.” நேரடிப் பதிவைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் மிக நேர்மையானது இதுதான்.

அந்தக் கடைசிப் பாட்டு லெட் பெல்லி பாடிப் பிரபலமான பழைய நாட்டார் பாட்டு. ‘வேர் டிட் யூ ஸ்லீப் லாஸ்ட் நைட்’. அந்தக் கச்சேரியே அதற்காகத்தான் என்பார்கள் ரசிகர்கள். நான் அதை முழுதாகக் கேட்டது பல வருடம் கழித்து. கேட்டு அசந்துபோனேன், பொய் சொல்லவில்லை. ஆனாலும் என் காதுக்குள் நிர்வானா கச்சேரி அந்த ‘டக்’கில்தான் முடிகிறது.

கட்டுகஸ்தோட்டையில் இருக்கிற கூட்டாளி கிட்டார் வாசிப்பவன். பாலத்தடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் இடது கைவிரல்கள் தொடையில் கோர்ட் பிடித்துக்கொண்டிருக்கும். அவன் கட்சி வேறு. ரேடியோஹெட் அல்பத்தில் அவனுக்கு ஒரே பாட்டுதான்: ‘லைக் ஸ்பின்னிங் பிளேட்ஸ்’. ஸ்டூடியோவில் அது பிறந்த கதையே வினோதம். ‘ஐ வில்’ என்றொரு பாட்டைப் பதிவு செய்தார்கள், பிடிக்கவில்லை. அதைப் பின்னோக்கி ஓடவிட்டபோது நன்றாயிருந்தது. பிறகு பாடகர் தொம் யோர்க் வரிகளைப் பின்னோக்கிப் பாடிப் பழகி, அதையும் திருப்பிப் போட்டார். கேட்டால் தண்ணீருக்குள்ளிருந்து யாரோ பேசுவது போலிருக்கும். மேடையில் இந்த வித்தையெல்லாம் செல்லாது. பியானோவில் உட்கார்ந்து நேராகப் பாடினார். உள்ளே இப்படியொரு மெட்டு ஒளிந்திருந்ததா என்று அப்போதுதான் தெரிந்தது. “ஸ்டூடியோவில இருந்தது பாட்டுட எக்ஸ்ரே மச்சான், இதுதான் ஆள்” என்பான் அவன். மற்ற ஏழு பாட்டும் அவனுக்கு வேண்டாம்.

என் பாட்டு எட்டாவது. ‘ட்ரூ லவ் வெய்ட்ஸ்’. 1995 டிசம்பரில் பிரசல்ஸ் மேடையில் முதலில் பாடப்பட்டது. ஸ்டூடியோவில் பலமுறை முயன்றும் திருப்தி வராமல் கிடப்பில் கிடந்தது. ரசிகர்கள் கள்ளப் பதிவுகளில் கொப்பிக்கு மேல் கொப்பியாகக் கைமாற்றிக்கொண்டிருந்த அதை, இந்த அல்பத்தில்தான் முதன்முதலாக முறையாக வெளியிட்டார்கள். ஒற்றைக் கிட்டார், ஒற்றைக் குரல். பிறகு 2016இல் ‘எ மூன் ஷேப்ட் பூல்’ அல்பத்தின் கடைசியில் அதே பாட்டு பியானோவில் வந்தது. இருபது வருடம் கடந்திருந்தது. வந்த அன்றிரவு வட்ஸப்பில் எங்கள் சண்டை திரும்பத் தொடங்கியது. லண்டன் அண்ணா, “இதுதான் பாட்டு, மற்றது ஒத்திகை” என்றார். எனக்கு அது என் வயதுக்காரன் ஒருவனை நரைத்த தலையோடு பார்த்த மாதிரி இருந்தது. இரண்டும் சரியாக இருக்கலாம். ஆனால் ஒத்திகை என்ற சொல்லை நான் அவருக்கு மன்னிக்கவில்லை.

இன்னொரு விதமான தாராளமும் உண்டு. பேர்ள் ஜாம் குழு தன் 2000ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தை ஒரு கச்சேரிக்கு ஒரு அல்பமாக, மொத்தம் 72 அல்பங்களாக வெளியிட்டது. கள்ளப் பதிவு விற்பவர்களின் வயிற்றில் அடித்த வேலை. எந்தக் கச்சேரிக்குப் போனவனும் தன் இரவைக் கடையில் வாங்கலாம். அண்ணாவுக்கு இது சொர்க்கம். எனக்கோ எழுபத்திரண்டையும் நினைத்தால் திருவிழாக் கடையில் ஒரே மாதிரி எழுபத்திரண்டு பலூன்தான் ஞாபகம் வருகிறது. எட்டுப் பாட்டை ஒருவன் தெரிந்தெடுத்துக் கொடுத்தால் அவனோடு சண்டை பிடிக்கலாம். எல்லாவற்றையும் கொடுத்தவனோடு என்னத்தைச் சண்டை பிடிப்பது?

‘ஐ மைட் பி ரோங்’ வெளியான அதே 2001இல்தான் கண்டியில் பரனொயிட் ஏர்த்லிங் என்ற குழு தொடங்கியது. கொழும்பில் ஸ்டிக்மாட்டா போன்ற மெட்டல் குழுக்கள் இருந்தன. மலைநாட்டுத் தலைநகரிலிருந்து, பெரஹராவும் தலதா மாளிகையுமாக உலகம் அறிந்த ஊரிலிருந்து, கிரஞ்ச் குழு ஒன்று வந்தது எங்களுக்குப் பெருமை. மிர்ஷாத் பக்மன் பாடினார். பாட்டு ஆங்கிலத்தில், கூட்டத்தில் சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் ஒரே வசனத்துக்குள். கிரஞ்ச் பிறந்த சியாட்டிலின் மழையைப் பற்றிக் கசெட் உறையில் படித்தவர்கள் நாங்கள். நவம்பரில் கண்டி வாவிக்கு மேலே வந்து குந்தும் மழையைப் பார்த்தால், கிரஞ்ச் இங்கே வளர்ந்ததில் ஒரு நியாயம் இருப்பதாகவே பட்டது.

அந்தக் குழுவின் நேரடிப் பதிவுகள் எங்களுக்கு அல்பமாக அல்ல, போன்களுக்குள் கிடைத்தன. எங்களிடம் இருப்பது ஒன்று. கண்டியில் ஒரு சின்ன மண்டபத்தில், பழைய நோக்கியா போனில், மூன்றரை நிமிடம். கிட்டார் தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி, பேஸ் இல்லவே இல்லை. இரண்டாவது நிமிடத்தில் போனுக்குப் பக்கத்திலிருந்து தெளிவாக ஒரு தமிழ்க் குரல்: “டேய், கொஞ்சம் தள்ளுடா, ஒண்ணும் தெரியுதில்ல!” பாடகரின் குரலைவிட அது உரக்கக் கேட்கும். கத்தியவன் இப்போது மெல்பனில் இருக்கிறான்.

கட்டுகஸ்தோட்டைக்காரன் அதைத் துப்புரவு செய்யப்போகிறேன் என்று கம்ப்யூட்டரில் உட்கார்ந்தான். அந்தக் குரல் கிட்டார் சோலோவைக் கெடுக்கிறதாம். செய்தி மெல்பனுக்குப் போனது. உடனே குரல் செய்தி வந்தது: “மச்சான், அதுல நல்லா பதிவாகியிருக்கிறதே நான் மட்டும்தான்டா. அத வெட்டினா என்ன மிச்சம்?” அண்ணா லண்டனிலிருந்து மெல்பன்காரனுக்கு ஆதரவு. சவுத் பார்க் மழையை இன்னும் மறக்காதவர் அவர்.

குரலை எடுத்த முதல் கொப்பியை எனக்கு அனுப்பினான். குரலோடு சேர்ந்து சிம்பலும் போயிருந்தது; ட்ரம்ஸ் யாரோ சாக்கு மூட்டையில் அடிக்கிற மாதிரி இருந்தது. அதைச் சொன்னேன். போன கிழமை டொரிங்டன் பஸ் நிலையத்தில் அவனைக் கண்டபோதும் கேட்டேன்.

“இன்னும் கொஞ்சம் வேல இருக்கு மச்சான்” என்றான். விரல்கள் தொடையில் கோர்ட் பிடித்துக்கொண்டிருந்தன.