ஐந்து சதவீத முன்பணத்தில் முதல் வீடு

ஆஸ்திரேலியாவில் வீட்டு விலையில் 20 சதவீதத்தை முன்பணமாகக் கட்ட முடியாதவர், வங்கியைப் பாதுகாக்கும் அடமானக் காப்பீட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்ட நேரும். வாடகை கொடுத்துக்கொண்டே சேமிக்கும் குடும்பம் அந்தத் தொகையை எட்டுவதற்குள் விலை இன்னொரு படி ஏறிவிடும். இதற்காகவே 2020 ஜனவரியில் மத்திய அரசின் உத்தரவாதத் திட்டம் தொடங்கியது.

8 லட்சம் டாலர் வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். வழக்கமான முன்பணம் 1,60,000 டாலர். திட்டத்தில் 5 சதவீதம், அதாவது 40,000 போதும். மீதி 1,20,000 டாலருக்கு அரசு வங்கியிடம் ஜாமீன் நிற்கிறது. காப்பீட்டுச் செலவு மிச்சம். ஆனால் இது மானியம் அல்ல. வாங்குபவர் கைக்கு ஒரு டாலரும் வராது. தனியாகப் பிள்ளை வளர்ப்பவருக்கு 2 சதவீதமே போதும். வாங்கிய வீட்டில் குடியிருப்பது கட்டாயம்.

2025 அக்டோபர் 1 முதல் வருமான வரம்பு நீக்கப்பட்டது. விலை வரம்பு உண்டு. சிட்னியில் அது 15 லட்சம் டாலர்.

முன்பணம் குறைந்தால் கடன் பெருகும். மேற்சொன்ன வீட்டுக்கு 6,40,000க்குப் பதில் 7,60,000 டாலர் கடன். 6 சதவீத வட்டியில் 30 ஆண்டுக் கடன் என்றால் மாதத் தவணை சுமார் 720 டாலர் கூடும். வங்கிக்குப் போகுமுன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இதுதான். வீட்டு விலை சரிந்தால், சொத்தைவிடக் கடன் பெரிதாகும் ஆபத்தும் குறைந்த முன்பணத்தில் வாங்கியவர்களுக்கே அதிகம்.

ஓய்வூதிய நிதியில் விரும்பிச் செலுத்திய கூடுதல் தொகையில் 50,000 டாலர் வரை, முதல் வீட்டுக்காக வரிச் சலுகையுடன் எடுக்கும் வழியும் உண்டு.