ஏட்டில் ஏறாத விக்கெட்டுகள்

பாடசாலைக் கிரிக்கெட் பருவம் நிறைவுற்றதும், அப்பருவத்தின் சிறந்த வீரர் யார் என்ற கேள்வி நாடெங்கும் எழுவது வழக்கம். அதற்கு விடை கூறும் விருதுகளுள் முதன்மையானது 'சண்டே ஒப்சேவர்' பத்திரிகை வழங்கும் வருடத்தின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரர் விருதாகும். 1979 இல் இதனை முதன்முதலாகப் பெற்றவர் றோயல் கல்லூரியின் ரஞ்சன் மடுகல்ல. ஆனந்தா கல்லூரியின் அர்ஜுன ரணதுங்க 1980 இலும் 1982 இலும், நாலந்தா கல்லூரியின் ரொஷான் மகாநாம 1983 இலும் 1984 இலும் இவ்விருதைப் பெற்றனர். மூவரும் பின்னர் தேசிய அணியில் இடம்பிடித்தனர். மூவரும் கொழும்பின் பெருங்கல்லூரிகளில் பயின்றவர்கள் என்பதும் கவனிக்கத்தக்கது.

இந்த வரிசையில் மலையகத் தமிழ் மக்களின் நெஞ்சில் நிலைத்து நிற்கும் பெயர் ஒன்று உண்டு. கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியின் முத்தையா முரளிதரன் 1990/91 பருவத்திற்கான விருதைப் பெற்றார். தென்னிந்தியாவிலிருந்து 1920 ஆம் ஆண்டில் தேயிலைத் தோட்டத்தில் உழைக்க வந்த ஒருவரின் பேரன் அவர். 2010 ஜூலையில் காலியில் தமது இறுதி டெஸ்ட் போட்டியில் தாம் வீசிய கடைசிப் பந்தில் 800 ஆவது விக்கெட்டை வீழ்த்தி அவர் விடைபெற்றதை உலகம் அறியும்.

தோட்டத் தொழிலாளி ஒருவரின் பேரன் இந்த உயரத்தை எட்டினார் என்றால், இன்றைய தோட்டச் சிறுவனுக்கும் வழி திறந்தே இருக்கின்றது என்று நாம் ஆறுதல் கொள்ளலாமா? விடை காண்பதற்கு, இத்தகைய விருது எதனை அளக்கின்றது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுதல் வேண்டும்.

விருதுக்குரியவரைத் தெரிவு செய்வோர் ஒவ்வொரு பாடசாலையாகச் சென்று திறமையைத் தேடுவதில்லை. செப்டெம்பரில் ஆரம்பித்து மார்ச் மாதப் பெருஞ்சமர்களுடன் உச்சம் பெறும் பருவத்தில், பாடசாலைகளின் முதல் பதினொருவர் அணிகள் ஆடும் போட்டிகளில் பதிவான ஓட்டங்களும் விக்கெட்டுகளுமே அவர்கள் முன் வைக்கப்படுகின்றன. ஒரு பந்துவீச்சாளர் பருவமொன்றில் 100 விக்கெட்டுகளை வீழ்த்த வேண்டுமாயின், போட்டிக்கு ஐந்து வீதம் வீழ்த்தினாலும் அவருக்கு 20 போட்டிகள் தேவை. 20 போட்டிகள் என்றால் புற்தரை மைதானம், கடினபந்து, காலுறை, கையுறை, தலைக்கவசம், பயிற்றுநர், நடுவர், பிரயாணத்திற்கு பஸ் வண்டி, மதிய உணவு என்பனவும் வேண்டும். இவை அனைத்திற்கும் மேலாக, எதிர்த்து விளையாடச் சம்மதிக்கும் 20 பாடசாலைகளும் வேண்டும். நான்கு போட்டிகள் மாத்திரம் ஆடும் பாடசாலையில் எத்தகைய மேதை இருந்தாலும் அவனது பெயர் பட்டியலில் ஏறப்போவதில்லை.

முரளிதரனுக்கு இவை கிட்டின. அவரது தந்தையார் பிஸ்கட் உற்பத்தித் தொழிலில் ஈடுபட்டிருந்தவர். 1977 இனக்கலவரத்தில் அத்தொழிற்சாலை தாக்கப்பட்டபோதும் அவர் மீண்டெழுந்தார். ஒன்பது வயதில் மகனைப் பெனடிக்ற் சபைத் துறவிகள் நடத்திய கல்லூரியில் சேர்க்க அவரால் முடிந்தது. அங்கே பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ, வேகப்பந்து வீசிய அச்சிறுவனைப் பதினான்காவது வயதில் சுழற்பந்துக்கு மாற்றினார். பாடசாலையின் இறுதி இரு பருவங்களில் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் நூறைத் தாண்டின. திறமை அவருடையது. அத்திறமையை ஏட்டில் ஏற்றியது அவர் சென்ற பாடசாலை.

ஹட்டன், நுவரெலியா தோட்டப் பிள்ளைகளின் நிலை வேறு. தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்பில் படிப்படியாக வரத் தொடங்கியதே 1970 களின் பிற்பகுதியில்தான். 1948 ஆம் ஆண்டின் சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்த சமூகத்திற்கு அவ்வுரிமை முழுமையாக மீளக் கிடைக்க 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. ஆசிரியரும் கட்டடமும் தேடி அலைந்த பாடசாலைகள் மைதானத்தைப் பற்றிச் சிந்திக்க இயலாதிருந்ததில் வியப்பில்லை.

ஆயினும் மலையகத்தில் சமதரை இல்லை என்று கூறுவது முழு உண்மையன்று. நானுஓயாவுக்கு அண்மையில் ரதெல்லையிலும், டிக்கோயாவுக்கு அண்மையில் டரவெல்லையிலும் எழில்மிக்க மைதானங்கள் உள்ளன. அவை தோட்டத் துரைமாரின் கழகங்களுக்காக உருவானவை. அம்மலைகளை வெட்டித் திருத்திய கரங்களின் வழித்தோன்றல்கள் லயன் வாசலிலும் தேயிலைத் தொழிற்சாலை முற்றத்திலும் மென்பந்து கிரிக்கெட் ஆடுகின்றனர். அங்கு விழும் விக்கெட்டுகளை எந்த ஏடும் பதிவதில்லை. மலையக நகரங்களில் கடைகளை நம்பி வாழும் முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளது நிலையும் இதிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. பர்வீஸ் மஹ்ரூப் பாடசாலைப் போட்டியொன்றில் 243 ஓட்டங்களைக் குவித்தது கொழும்பு வெஸ்லி கல்லூரிக்காகவே என்பதை இங்கு நினைவுகூரலாம்.

எமது உறவினர் பலர் வாழும் கனடாவைப் பார்ப்போம். அங்கு இளையோர் ஐஸ் ஹொக்கியில் மூன்று லீக்குகள் ஓர் அமைப்பின் கீழ் இயங்குகின்றன. அவற்றின் ஒட்டுமொத்தச் சிறந்த வீரருக்கான விருது 1975 முதல் உண்டு. சிட்னி குரொஸ்பி 2004, 2005 ஆகிய இரு ஆண்டுகளிலும் அதைப் பெற்றார். நொவா ஸ்கோஷியா மாகாணத்தைச் சேர்ந்த அவர் ஆடியது கியூபெக் மாகாணத்தின் சிறு நகரான ரிமூஸ்கியின் அணிக்காக. அங்கு அணிகள் சிறு நகரங்களிலும் இருக்கின்றன. தொலைவிலிருந்து வரும் இளைஞரை உள்ளூர்க் குடும்பங்கள் தம் வீட்டில் தங்கவைத்து உணவளிக்கின்றன. அவ்விளையாட்டும் செலவு மிக்கதே. எனினும் வீரன் பிறந்த ஊர் அவனுக்குத் தடையாகாதிருக்க ஓர் ஏற்பாடு உண்டு.

நாமும் செய்யக்கூடியவை உள. ஹட்டன், நுவரெலியா கல்வி வலயங்கள் ஒவ்வொன்றிலும் ஓரிரு பாடசாலைகளையேனும் தெரிவு செய்து, முழுப் பருவமும் கடினபந்தில் ஆடும் அணிகளை உருவாக்கலாம். கழக மைதானங்களை வார நாட்களில் மாணவருக்குத் திறந்துவிடுமாறு தோட்டக் கம்பனிகளைக் கேட்கலாம். கண்டிக் கல்லூரிகள் தமது போட்டி அட்டவணையில் ஆண்டுக்கொரு மலையகப் பாடசாலையைச் சேர்த்துக்கொள்ளலாம். திறமை கண்ட பிள்ளைக்கு விடுதி வசதியுடன் புலமைப்பரிசில் வழங்கத் தனவந்தர்கள் முன்வரலாம். ஒவ்வொரு போட்டியின் புள்ளிப் பதிவேட்டையும் ஒழுங்காகப் பேணிப் பத்திரிகைகளுக்கு அனுப்புவது ஒரு ஆசிரியரால் இயலக்கூடிய காரியமே. அதனைப் பிரசுரிக்கும் கடமை எம்மைப் போன்ற பத்திரிகைகளுக்கும் உண்டு. இதுவரை அதில் நாம் போதிய அக்கறை காட்டவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

முரளிதரனைக் காட்டிப் பெருமை கொள்வது எளிது. ஆனால் அவர் விருது பெற்றுப் பல தசாப்தங்கள் கடந்த பின்னரும், மலையகம் என்றதும் அந்த ஒரு பெயரையே நாம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பது பெருமைக்குரியதன்று. அடுத்த பந்துவீச்சாளன் இன்று ஏதேனும் ஒரு தோட்டத்தில் பந்தைச் சுழற்றிக்கொண்டிருக்கக் கூடும். அவனது விக்கெட்டுகளை எழுதிவைக்க ஓர் ஏட்டையும், அவன் ஆடுவதற்கு 20 போட்டிகளையும் கொடுப்பது எமது பொறுப்பாகும்.