கிடங்கும் கணினி வட்டும்

மலாய் மொழியில் 'பாசிர்' என்றால் மணல். 'கூடாங்' என்றால் கிடங்கு. கூடாங் என்பதற்கும் நம் 'கிடங்கு' என்பதற்கும் உறவுண்டு என்பது சொல்லாராய்ச்சியாளர் சிலரின் கருத்து. தெலுங்கின் கிட்டங்கியைக் காட்டுவாரும் உளர். அது எவ்வாறாயினும், 1977ஆம் ஆண்டு முதல் துறைமுகம் இயங்கிவரும் பாசிர் கூடாங்கில், சரக்கை எங்கே வைப்பது, வைத்ததை எவ்வாறு விரைந்து எடுப்பது என்பது அன்றாடக் கேள்வி. கணினி வட்டுக்கும் அதே கேள்விதான் உண்டு.

கிடங்கில் ஒரு பழைய பெட்டிக்குப் பதிலாகப் புதிய பெட்டி வந்திருப்பதாகக் கொள்வோம். பழையதை அகற்றிவிட்டு அதே இடத்தில் புதியதை வைப்பது ஒரு முறை. இடையில் பாரந்தூக்கி நின்றுவிட்டால் பழையதும் போயிற்று, புதியதும் வந்து சேரவில்லை. காலியான வேறோர் இடத்தில் புதியதை வைத்து, பேரேட்டில் இட எண்ணைத் திருத்தி, அதன் பின்னரே பழைய இடத்தை விடுவிப்பது மற்றொரு முறை. இடையில் எது நேரினும் பழையது கெடாது. இதனைப் 'படியெடுத்து எழுதும் முறை' எனலாம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005இல் வெளியிட்ட இசட்.எப்.எஸ்., ஆரக்கிள் நிறுவனத்தில் கிறிஸ் மேசன் 2007இல் தொடங்கிய பி.டி.ஆர்.எப்.எஸ். ஆகிய கோப்பு முறைகள் இவ்வழியின. பிந்தியது 2009இல் லினக்சின் 2.6.29ஆம் பதிப்பில் இடம்பெற்றது. வட்டு ஒரு கணத்தில் இருந்தவாறே நிலைநிறுத்தும் 'கணப்படிவம்' இவற்றில் எளிதில் கிடைப்பதும் பழையதை அழியாமையின் பயனே.

இனி, மெய்நிகர் கணினிக்கு வருவோம். ஒரு கணினிக்குள் மென்பொருளால் அமைந்த மற்றொரு கணினி அது. அதன் வட்டு முழுவதும் வெளிக்கணினிக்கு ஒரே ஒரு கோப்பு. கடிதமோ படமோ ஒருமுறை எழுதப்பட்டால் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். இக்கோப்போ ஓயாமல் நடுநடுவே மாறும். உட்கணினி ஒரு சிறு குறிப்பைத் திருத்தினாலும், வெளியே 4,096 பைட்டு கொண்ட ஒரு கட்டம் புது இடம் தேடிச் செல்கிறது. 40 கிகாபைட்டு வட்டில் இத்தகைய கட்டங்கள் ஏறத்தாழ ஒரு கோடி. நாளடைவில், அடுத்தடுத்து இருக்கவேண்டியவை எங்கெங்கோ போய்விடுகின்றன. இதனைத் 'துண்டாதல்' என்பதினும் 'சிதறல்' என்பதே பொருந்தும். ஓர் எழுத்தும் கெடுவதில்லை, இடவரிசையே குலைகிறது.

குலைவின் விலை யாது? நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி எடுக்கும். படிக்கும் முனை தடம் மாறும் நேரத்தையும், வேண்டிய கட்டம் சுழன்று வரும் நேரத்தையும் கூட்டினால், சிதறிய கட்டங்களை வினாடிக்கு நூறுகூட எடுக்க இயலாது. அஃதாவது 4 இலட்சம் பைட்டு. வரிசையாகக் கிடந்தால் அதே வட்டு 10 கோடிக்கு மேல் தரும்! சுழலாத திண்மநிலை வட்டிலோ முனையின் அலைச்சல் இல்லை. பேரேடு நீளுவதால் வரும் சுமையே எஞ்சும்.

உட்கணினிக்குள் இருந்துகொண்டு வட்டை ஒழுங்குபடுத்துவது வீண் வேலை. வெளிக்கணினிக்கு அது மேலும் சில இலட்சம் புதிய எழுத்துகளே. பி.டி.ஆர்.எப்.எஸ்.இல் வெளியிலிருந்து ஒழுங்குபடுத்தினால், கணப்படிவங்களோடு பகிர்ந்திருந்த கட்டங்கள் தனித்தனிப் படிகளாகி இடத்தை விழுங்கும். படியெடுத்து எழுதுவதை ஒரு கோப்புக்கு மட்டும் நிறுத்தும் குறி ஒன்றும் அதில் உண்டு. பலர் இதனையே முதல் மருந்தாகக் கூறுவர். நமக்கு அது உடன்பாடன்று. குறியிட்டதும் அக்கோப்பின் சரிபார்ப்பு எண்கள் நீங்கிவிடும். வட்டுப் பழுதால் ஓர் எழுத்து ஓசையின்றி மாறினால் கோப்பு முறை அதனை அறியாது. மேலும், கணப்படிவம் எடுத்தபின் ஒவ்வொரு கட்டத்தின் முதல் மாற்றமும் எப்படியும் புது இடத்துக்கே போகும். நாள்தோறும் கணப்படிவம் எடுப்போர்க்குக் குறியின் பயன் குறைவே.

மாணவர் பழகிக் கெடுத்தாலும் மீண்டும் நிறுவிக்கொள்ளத்தக்க பயிற்சிக் கணினிக்கு இக்குறி தகும். மதிப்பெண் பதிவேடும், பிறிதொரு படியில்லாத கையெழுத்துத் தொகுப்பும் உள்ள கணினிக்கு அதனை இடலாகாது. சிதறலைப் பொறுத்துக்கொண்டு திண்மநிலை வட்டை வாங்குவதே மேல். குறியிடுவோர், கோப்பு வெறுமையாக இருக்கும்போதே இடவேண்டும். முன்பே உள்ள கோப்பாயின், குறியிட்ட புதுக் கோப்பில் அதனைப் படியெடுத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே பழையதை நீக்குக.