ஆன்டிபயாடிக் முடிந்த பிறகு வரும் வயிற்றுப்போக்கு

பல் பிடுங்கியபோதோ சிறுநீர்த் தொற்றுக்கோ ஆன்டிபயாடிக் சாப்பிட்டு முடித்திருப்போம். இரண்டு வாரம் கழித்து வயிறு கலங்கி நீராகப் போனால், முந்தின நாள் ஹோட்டலில் சாப்பிட்டதைத்தான் குறை சொல்வோம். முடிந்துபோன மாத்திரை நினைவுக்கே வராது.

குடலுக்குள் நடப்பது

பெருங்குடலில் வாழும் கோடானுகோடி பாக்டீரியாக்களில் சில, கல்லீரல் சுரக்கும் பித்த அமிலங்களை வேறு வடிவத்துக்கு மாற்றுகின்றன. அப்படி மாறிய அமிலம் இருக்கும்வரை 'கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில்' என்ற கிருமியால் தலைதூக்க முடியாது. ஆன்டிபயாடிக் நோய்க்கிருமியோடு சேர்த்து இந்த நல்ல பாக்டீரியாக்களையும் கொன்றுவிடுகிறது. மாறாத பித்த அமிலம் குடலில் மிகுந்து, உறங்கிக் கிடக்கும் கிருமி வித்துகளை முளைக்க வைக்கிறது. முளைத்த கிருமி கக்கும் நச்சு, குடலின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது.

1935-இல் பச்சிளம் குழந்தைகளின் மலத்தில் கண்டறியப்பட்ட இந்தக் கிருமிதான் ஆன்டிபயாடிக்கை அடுத்து வரும் கடுமையான குடல் அழற்சிக்குக் காரணம் என்பது 1978-இல்தான் தெளிவானது. கிளிண்டாமைசின், செஃபலோஸ்போரின் வகைகள், சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவற்றால் ஆபத்து அதிகம்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

ஆன்டிபயாடிக் சாப்பிடும்போதோ, முடித்து மூன்று மாதத்துக்குள்ளோ, ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் நீராகப் போனால் தள்ளிப்போடாதீர்கள். வயிற்றுவலி, காய்ச்சல், மலத்தில் ரத்தம் இருந்தால் அன்றே போங்கள். பழைய மாத்திரை அட்டையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். 65 வயதைத் தாண்டியவர்கள், ஆஸ்பத்திரியில் பல நாள் படுத்திருந்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். நச்சு வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிடலாம். உப்பு-சர்க்கரைக் கரைசலும் மோரும் நீரிழப்பை ஈடுகட்டும். ஆனால் மோர் குடித்தே தொற்றைத் தீர்த்துவிடலாம் என்று நம்பி நாளைக் கடத்துவது ஆபத்து.

மீண்டும் மீண்டும் வந்தால்

இந்தத் தொற்றை, வாங்கோமைசின் என்ற மருந்தை வாய்வழியாகக் கொடுத்துக் குணப்படுத்துவார்கள். அதுவும் ஆன்டிபயாடிக் என்பதால் சிலருக்குத் தொற்று திரும்புகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு, ஆரோக்கியமானவரின் மலத்தைக் கரைத்து வடிகட்டிக் குடலுக்குள் செலுத்தினார்கள் நெதர்லாந்து மருத்துவர்கள். 2013-இல் வெளியான அந்த ஆய்வில், அப்படிச் சிகிச்சை பெற்ற 16 பேரில் 15 பேர் குணமடைந்தனர். வாங்கோமைசின் மட்டும் பெற்ற 13 பேரில் குணமானவர்கள் நால்வரே. அருவருப்பை ஒதுக்கிவிட்டு யோசித்தால், இழந்த பாக்டீரியாக்களைத் திருப்பிக் கொடுப்பதுதான் இந்தச் சிகிச்சை.

வீட்டில் இருப்பவர்களுக்கு

ஆல்கஹால் சானிடைசரால் இந்தக் கிருமியின் வித்துகள் சாகாது. நோயாளிக்குப் பணிவிடை செய்பவர்கள் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கை கழுவ வேண்டும். கழிப்பறையை பிளீச்சிங் கரைசல் ஊற்றித் தேய்த்துக் கழுவ வேண்டும்.