களப்பாடல் ஒலிப்பதிவும் கணினியின் காலத்தாழ்வும்

கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினரின் பாடல்களை மடிக்கணினியில் பதியும் ஆய்வாளர், காலத்தாழ்வு என்னும் சிக்கலைக் கருத்திற்கொள்ளுதல் வேண்டும். கணினி, ஒலி மாதிரிகளைப் பஃபர் எனப்படும் இடையகத்தில் திரட்டிய பின்னரே கையாளுகிறது. நொடிக்கு 48,000 மாதிரிகள் வீதம் பதியும்போது, 1,024 மாதிரி கொண்ட இடையகம் உள்வரவிலும் வெளியீட்டிலுமாக ஏறத்தாழ 43 மில்லிநொடித் தாழ்வை உண்டாக்கும். காற்றில் ஒலி 15 மீட்டர் கடக்கும் காலம் இது.

ஹெட்ஃபோனில் தம் குரலை இவ்வாறு பிந்திக் கேட்பவர், தம்மையறியாமல் பாடலின் நடையைத் தளர்த்தக்கூடும். கருவி விளைவித்த அத்தளர்வு, பாடலின் இயல்பு நடையென ஆய்வில் இடம்பெற்றுவிடும்.

இடையகத்தை 128 மாதிரிகளாகக் குறைப்பின், தாழ்வு 5 மில்லிநொடி அளவினதாகும். ஆயின் மையச் செயலகம் ஈடுகொடுக்காவிடில் ஒலி அறுபடும். ஆகவே மின்சேமிப்பு நிலையையும் பின்னணியில் இயங்கும் மென்பொருள்களையும் நிறுத்துதல் வேண்டும். தொகுக்கும்போது இடையகத்தை மீண்டும் உயர்த்தலாம். களக்குறிப்பில் இடையக அளவையும் பதிவுசெய்வது, பின்வரும் ஆய்வாளர் நடையை மதிப்பிடத் துணைபுரியும்.